ஐஸில் வைத்த கடலெண்ணெய்

திருவண்ணாமலையில் இறங்கிய முதல் நாள் காலை, தேரடி வீதியில் ஓர் ஓட்டலில் மெதுவடையைக் கடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிரித்ததற்குக் காரணம் வடை பொரித்த எண்ணெய். அது எங்கள் நாட்டு எண்ணெய். சூடு ஆறும்போது மேலண்ணத்தில் மெல்லிய படலமாக ஒட்டும். அதை வைத்தே சொல்லிவிடுவேன்.

"என்ன எண்ணெய் தம்பி போடுறீங்க?" என்று பரிமாறியவரைக் கேட்டேன்.

"கடலெண்ணெ சார். சுத்தமான கடலெண்ணெ. ஏன், நல்லால்லியா?"

"ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லி இன்னொரு வடை வாங்கிக்கொண்டேன்.

நான் மலேசியாக்காரன். அப்பா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவக் கப்பல் ஏறியவர். நான் தோட்டத்துப் பள்ளியில் தொடங்கி, பல்கலைக்கழகம் வரை படித்து, அரசாங்கத்தில் வாணிபத்தைக் கவனிக்கும் பிரிவில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். எங்கள் நாடு அப்போது ரப்பரையும் ஈயத்தையும் நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றின் விலை லண்டனில் இறங்கினால், நான் பிறந்த தோட்டத்தில் சட்டியில் அரிசி குறையும். அப்படி ஆகாமலிருக்க வேறு பொருள்களைத் தேடுவதும், அவற்றை வாங்கப் பல நாடுகளில் ஆள் பிடிப்பதும் எங்கள் வேலை. செம்பனை எண்ணெய்க்கு, அதாவது பாமாயிலுக்கு, இந்தியாவில் ஆள் பிடித்தவர்களில் நானும் ஒருவன். ஆசிய நாடுகளின் பணமெல்லாம் சரிந்தபோது எங்கள் ரிங்கிட் வெள்ளியும் விழுந்தது. அப்போது நாட்டைத் தாங்கியவற்றில் அந்த எண்ணெயும் ஒன்று. அதற்கு மறுவருடம் மார்கழியில்தான் நான் இந்தப் பயணம் போனேன். வடையில் அதைக் கண்டதும், பெற்ற பிள்ளையை வெளியூர்ச் சந்தையில் எதிர்பாராமல் பார்த்ததுபோல இருந்தது.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. அந்த ஊரில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மகளிடம்கூடப் பாதியைத்தான் சொன்னேன். வயது ஏறிக்கொண்டே போகிறது. எழுதிவிடுகிறேன்.

பயணத்துக்குக் காரணம் டாக்டர். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்றார். "நடக்கிறதை அந்த மலையைச் சுற்றியாவது நடங்களேன்" என்று மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். செங்கம் சாலையில் அறை எடுத்திருந்தேன். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள். மொட்டை மாடியில் காவி வேட்டி கட்டிய ஒருவர் தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த ஊரில் எல்லாருக்கும் மௌனம் கைகூடியிருக்கிறது. பஸ் ஹாரனுக்கு மட்டும் இன்னும் யாரும் உபதேசம் செய்யவில்லை." கீழே கடையில் காபிக்கு அந்தப் பெண் கேட்டது சோயாப் பால். கடைக்காரர் சலிக்காமல் எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஈப்போ நகரில்கூட அப்போது காபிக்கு அது கிடைக்காது.

மறுநாள் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். என் சித்தப்பா மகன் ஏழுமலை அங்கே எண்ணெய் மில் வைத்திருந்தான். என்னைவிடப் பத்து வயதாவது இளையவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் வருடம் தவறாமல் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பாதி வழியில் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கினோம். கண்டக்டர் ரொம்பவும் நிதானமாக அறிவித்தார்: "ஸ்டெப்னி இருக்குது. ஜாக்கிதான் டிப்போல மாட்டிகிச்சு." யாரும் கோபப்படவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருப்பார்கள். இங்கே ஆண்கள் பீடி பற்றவைத்தார்கள். பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஓர் அம்மாள் பஸ்ஸின் பின்பக்கமிருந்து இரண்டு மூட்டைகளைத் தானே இழுத்து இறக்கி, ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அய்யாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"மலேசியா."

"அம்மாடி! அங்கருந்து இந்த பஸ்ஸுல குந்தறதுக்கா வந்தீங்க?"

மரத்தடியே சிரித்தது. அவர் பெயர் முனியம்மா. மூட்டையில் இருந்தது வேர்க்கடலை. அந்தப் பக்கத்தில் புன்செய் நிலத்தைக் கொல்லை என்பார்கள், வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் அந்தப் பெயர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் ஏழுமலை வீட்டுக்குப் போகிறேன் என்றதும் முனியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"மொதலாளிக்கு அண்ணனா நீங்க? அவரு மில்லுக்குத்தான் நானும் போறேன். வெளில யாவாரி ரொம்ப கம்மியா கேக்கறான் அய்யா. விதைச்ச காசுகூட வராது. இவரு ஒருத்தருதான் இன்னும் பழைய வெல குடுக்கறாரு. அந்த மில்லு ஓடற வரைக்குந்தான் எங்க கொல்லைல வெத வுழும்."

"விலை ஏன் இப்படி விழுந்தது?"

"பாமாயிலு வந்துட்ச்சாம். கப்பல் கப்பலா எறக்கறாங்களாம். மல்லாட்டைய இனி எவன் சீந்தறான்?"

"யார் இறக்குகிறார்கள்?"

"எவனோ வெளிநாட்டுக்காரன். நாசமாப் போறவன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தியா எங்களிடம் வாங்கும் அளவை ஆண்டுதோறும் கோட்டுப் படமாகப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கோடு மேலே ஏற ஏறப் பாராட்டு வரும். இந்தப் பக்கம் அந்தக் கோடு ஒரு மூட்டையின்மேல் வந்து இறங்கும் என்பது படித்த எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. நான்தான் அந்த வெளிநாட்டுக்காரன் என்று அவரிடம் சொல்லவில்லை.

மில் சின்னதுதான். தகரக் கூரை, எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் இரண்டு, காது அடைக்கும் சத்தம், வறுத்த கடலையின் வாசனை. வாசலில் மூட்டைகளோடு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஏழுமலை உடம்பெல்லாம் புண்ணாக்குத் தூளோடு ஓடி வந்து காலில் விழப் பார்த்தான். பிடித்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா, இவ்ளோ லேட்டு? நான் வண்டி எடுத்துகினு வந்திருப்பேனே."

மில்லைச் சுற்றிக் காட்டினான். பின்னால் ஓர் அறை பூட்டியிருந்தது. "புண்ணாக்கு போட்டு வெச்சிருக்கேன். ஒரே எலிண்ணா" என்றான். வழியில் மூடிக் கிடந்த மில்களை நான் பார்த்திருந்தேன். உன்னால் மட்டும் எப்படி இந்த விலை கொடுக்க முடிகிறது என்று கேட்டேன்.

"பேருண்ணா. நம்ம எண்ணெய்க்கு ஒரு பேரு இருக்குது. ஜாஸ்தி குடுத்து வாங்கறாங்க."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. மலிவுச் சரக்கு வெள்ளமாக வரும்போது தரத்தைக் காட்டித் தப்பிப்பது பாடப் புத்தகத்தில் உள்ள வழி. என் தம்பி படிக்காமலே அதைச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழுமலையின் மனைவி சரோஜா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். களியை விரலால் குழித்துக் குழம்பை அதில் ஊற்றிக்கொள்ள அவள்தான் காட்டிக்கொடுத்தாள். சாப்பிடும்போது ஏழுமலை பெருமையாக ஒரு செய்தி சொன்னான். திருவண்ணாமலை வியாபாரிகள் சிலர் சங்கமாகச் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். மலேசிய அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்த அண்ணன் வருகிறார் என்று அவர்களிடம் இவன் சொல்லிவைத்திருக்கிறான். நான் பேச வேண்டுமாம்.

"இன்னா பேசறதுன்னு யோசிக்காதீங்கண்ணா. உங்க ஊர எப்படி தூக்கி நிறுத்தனீங்கன்னு சொல்லுங்க. அவனுங்க வாயப் பொளந்துகினு கேப்பானுங்க."

ஒப்புக்கொண்டேன். சொல்லப் போனால் ஓய்வு பெற்றபின் யாரும் என்னைப் பேசக் கூப்பிட்டதில்லை. ஏழுமலை மில்லுக்குப் போனபின் சரோஜாவிடம், "ஒரு பாட்டில் கடலெண்ணெய் கொடும்மா, கூட்டத்தில் காட்ட வேண்டும்" என்றேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நிரப்பி, மூடியைத் துணியால் இறுக்கிக் கொடுத்தாள்.

அந்த வாரமே ஒரு மாலை, திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் ஜோடி நாற்காலிகளில் ஒன்றில் என்னை உட்கார வைத்தார்கள். இன்னொன்றில் குடிமைப்பொருள் விநியோகத்தைப் பார்க்கும் ஓர் அதிகாரி. "ஜோடிப் பொருத்தம் நல்லாத்தான் இருக்குது" என்று முன்வரிசையில் யாரோ சொன்னார். அதிகாரியும் சிரித்தார். அமைதியான மனிதர்.

பணிக்காலம் முழுதும் நான் பேசி வந்த பேச்சைத்தான் பேசினேன். ஒரே பொருளை விற்கிற நாடும், ஒரே ஆளிடம் விற்கிற நாடும் தன் வீட்டுச் சாவியை அடுத்தவன் இடுப்பில் சொருகிவிட்டுத் தூங்குகிறது என்றேன். ரப்பர் விலை விழுந்த கதையைச் சொன்னேன். காடு திருத்திச் செம்பனை நட்டது, தொழிற்சாலைகள் வந்தது, வாங்குபவர்களைப் பல திசைகளில் தேடியது எல்லாம் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள். பிறகு பேச்சின் இரண்டாம் பாதிக்கு வந்தேன். எத்தனை வாசல் திறந்தாலும் பின்பக்கம் ஒழுகினால் பயன் இல்லை. எங்கள் வட எல்லையில், ஏழைகளுக்கென்று அரசு விலை குறைத்து விற்ற சமையல் எண்ணெய் படகேறி அடுத்த நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அரசாங்கம் போட்ட பணம் கடத்தல்காரன் பைக்குள். அதை அடைக்க அமைத்த குழுவில் நான் இருந்தேன்.

பாத்திரக் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "அய்யா, நம்ம ஊர்ல பார்டரே இல்லியே. இங்க எப்படி கடத்தறது?"

"ரேஷன் கடைக்கு பின்வாசல் இருக்குதே, அது இன்னாவாம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் அதிர்ந்தது. அதிகாரி தலையைக் குனிந்து புன்னகை செய்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பு கொடுத்தது. கடத்தல் எண்ணெயை வேறு எண்ணெயில் கலந்தால் கண்டுபிடிப்பது சுலபம், இப்போதே காட்டுகிறேன் என்றேன். ஜூஸ் கடையிலிருந்து ஒரு வாளி ஐஸ் ஏற்கெனவே வரவழைத்திருந்தேன். பாமாயில் குளிரில் சீக்கிரம் வெள்ளையாகக் கட்டும். கடலெண்ணெய் அத்தனை சீக்கிரம் கட்டாது. சங்கத்துச் செயலாளர் வாங்கி வந்த ரேஷன் பாமாயிலை ஒரு கண்ணாடிப் புட்டியிலும், சரோஜா கொடுத்ததை இன்னொரு புட்டியிலும் ஊற்றி வாளிக்குள் வைத்தேன்.

"இது என் தம்பி ஏழுமலை மில்லில் ஆட்டியது" என்றேன். "எத்தனை கப்பல் வந்தாலும் பெயரைக் காப்பாற்றி நிற்கிற மில்." கை தட்டினார்கள்.

சிறிது நேரம் பேசிவிட்டு முதல் புட்டியை எடுத்து உயர்த்தினேன். நெய்போல வெளுத்திருந்தது. மறுபடி கைதட்டல். அடுத்ததை, பார்க்காமலே, அதே வேகத்தில் உயர்த்திப் பிடித்தேன். கைதட்டல் வரவில்லை. முன்வரிசை முகங்கள் மாறியதைப் பார்த்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகத் திரண்டு, மேலே வர வர மங்கி, நடுவில் தேங்காய்த் துருவல்போல மிதந்தது.

"ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்கடா" என்று யாரோ சொன்னார். சிரிப்பு வெடித்தது. எனக்கு உடம்பு முழுதும் அந்த ஐஸ் வாளிக்குள் போனதுபோல இருந்தது. வாசலில் ஏழுமலை நின்றான். மில்லைச் சாத்திவிட்டு அப்போதுதான் வந்திருக்கிறான். தலையில் தூள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சால்வை. எனக்குப் போர்த்துவதற்கு.

சிரிப்பு அடங்கியதும் அந்த அதிகாரி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, மெதுவாகக் கேட்டார்: "சார், கடலெண்ணெயும் ரொம்ப நேரம் ஐஸ்ல இருந்தா உறையும்னு கேள்விப்பட்டிருக்கேன். பேச்சு சுவாரசியத்துல அப்படியே வெச்சிருந்துட்டீங்களோ?"

அவர் கை கொடுத்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கண் வாசலில் நின்றவனையும் பார்த்தது. அவர் சொன்னதும் சரியான விஷயம். அதிக நேரம் இருந்தால் கடலெண்ணெயும் கட்டும். நான், "ஆமாம், மறந்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் போதும். வயதான ஒருவர் மேடையில் சொதப்பிவிட்டார் என்று ஜனங்கள் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

"இல்லை" என்றேன். "அவ்வளவு நேரம் ஆகவில்லை. இந்தச் சோதனையை எத்தனையோ நாடுகளில் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு முறையும் தவறியதில்லை."

நான் சொன்னது உண்மை. உண்மையின்மேல் இருந்த பற்றினால் சொன்னேன் என்று பிறகு மகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. அந்தக் கணத்தில் ஏழைகளும் எனக்கு நினைவில்லை, சட்டமும் நினைவில்லை. அத்தனை பேர் நடுவில், செய்து பழகிய ஒன்றில் கை தவறியவன் என்று பெயர் வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். வாசலைத் திரும்பிப் பார்த்தபோது ஏழுமலை இல்லை.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து மில்லுக்குப் போனேன். எனக்கு முன்பே ஜீப் நின்றது. முந்தைய நாள் மேடையில் இருந்த அதே அதிகாரி என்னைப் பார்த்துக் கைகுவித்துவிட்டு உள்ளே போனார். வடக்கே கலப்பட எண்ணெயால் ஆட்கள் செத்திருந்த வருடம் அது. அவ்வளவு பேர் பார்த்த ஒன்றை அவர் எப்படி விட முடியும்? பின்னறைப் பூட்டைத் திறந்தார்கள். புண்ணாக்கு இல்லை. எலி இல்லை. கடலைத் தோல் மூட்டைகளுக்குப் பின்னால் வரிசையாகப் பேரல்கள், எல்லாம் ரேஷன் கடைக்கு வரும் பாமாயில். ஒன்றின் மூடி திறந்திருந்தது. குனிந்து பார்த்தேன். தங்க நிறம். எங்கள் நாட்டைத் தாங்கிய எண்ணெய் அங்கே ஒளிந்துகொண்டிருந்தது.

மாதிரி எடுத்துக்கொண்டு மில்லுக்குச் சீல் வைத்தார்கள். ஏழுமலையையும் ரேஷன் கடை ஆள் ஒருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது ஏழுமலை மனைவியிடம், "அண்ணனுக்கு டிபன் குடு" என்றான்.

சரோஜா இட்லி கொண்டுவந்து வைத்தாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மேலதான் மாமா தப்பு" என்றாள். "வீட்டு ஜாடில சுத்தமானதுதான் இருக்கும். அன்னிக்கு காலியாப் போச்சு. பெரியவரு கேக்கறாரேன்னு கடைக்கு அனுப்பற டின்லருந்து ஊத்திட்டேன். நான் இல்லேன்னு சொல்லியிருக்கணும்."

தவறு செய்தவன் உட்கார்ந்திருக்கிறான், செய்யாதவள் மன்னிப்புக் கேட்கிறாள். ஓர் இட்லியோடு எழுந்துவிட்டேன்.

ஏழுமலையை ஜாமீனில் விடும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் மலையைச் சுற்றி நடந்தேன். காலில் கேன்வாஸ் ஷூ. எதிரே வந்த ஒரு பெண் நின்று, "செருப்பு போட்டுகினா சுத்தறீங்க, பெரியவரே? அதுல இன்னா புண்ணியம்?" என்று அதட்டினார். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வழியில் கோயில்களும் குளங்களும் வந்திருக்கும். எனக்கு ஒன்றும் நினைவில்லை. தார் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது.

ஏழுமலை வெளியே வந்ததும் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு நாள் தாடி. நான் மன்னிப்பைத் தொடங்குவதற்குள் கையமர்த்தினான்.

"நீங்க பொய் சொல்லலியேண்ணா. வுடுங்க."

"ஏன்டா இப்படிச் செய்தாய்?"

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "மொதல்ல நான் கலக்கலண்ணா. வெல வுழுந்ததும் எல்லா மில்லுக்காரனும் மாதிரி நானும் எறக்கிக் கேட்டேன். அந்த வருசமே நாலு பேரு கொல்லைய தரிசா போட்டுட்டு பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போய்ட்டாங்க. மல்லாட்ட வரலேன்னா மில்லு எதுக்கு? பழைய வெல குடுக்கணும்னா எண்ணெய்ல பாதி வேற எதாவது இருந்தாத்தான் கட்டும். கடையில பாமாயிலு வாங்கினா ஊருக்கே தெரிஞ்சுடும். ரேஷன் சரக்கு சத்தமில்லாம வரும். கம்மியாவும் வரும்."

"ரேஷன் கடைக்கு வந்து எண்ணெய் இல்லாமல் திரும்பியவர்கள்?"

ஏழுமலை என்னைப் பார்த்தான். "அதுவும் இவங்கதாண்ணா. மில்லுக்கு மூட்ட கொண்டாரவங்கதான். ஸ்டாக்கு வரலேன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. எனக்குத் தெரியும். இங்க ஜாஸ்தி குடுத்தேன், அங்க இல்லாம பண்ணேன். தெரிஞ்சுதான் பண்ணேன்."

டீக்கடை ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடியது. கடத்தலை ஒழிப்பது பற்றிக் குழுக்களில் உட்கார்ந்து எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன். கடத்தல்காரன் என்றால் படகில் போகிறவன், முகம் தெரியாதவன். எதிரே தாடியோடு டீ ஆற்றுகிற இவனை அந்தக் கட்டுரைகளில் எந்தப் பத்தியில் வைப்பது?

"அந்த சால்வைய எங்கியோ வெச்சுட்டேண்ணா" என்றான் திடீரென்று. "நல்ல சால்வ."

ஊர் திரும்பும் முன் கடைசியாக ஒரு முறை மில்லுக்குப் போனேன். ஷட்டரில் அரக்கு முத்திரை. அதன் முன்னால் வெளியூர் வியாபாரியின் வேன் நின்றது. மூட்டைகளை அங்கேயே எடை போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடை போட்டவன் கேட்ட விலைக்கு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வரிசையின் கடைசியில் முனியம்மா நின்றார். என்னைக் கண்டதும் வரிசையை விட்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அய்யா, இந்த மாசம் ரேஷன்ல கார்டுக்கு முழுசா எண்ணெ ஊத்தறாங்க. நீங்க கூட்டத்துல பேசனதாலதான்னு சொல்றாங்க. நல்லா இருப்பீங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும். ஒண்ணையே நம்பிகினு இருக்கக் கூடாது, மாத்தி மாத்தி வைக்கணும்னு சொன்னீங்களாமே. உங்க நாட்டையே அப்படித்தான் காப்பாத்தினீங்களாம். சரி, இனிமே மல்லாட்ட கட்டாது. எங் கொல்லைல இன்னா போடலாம்?"

கேலி இல்லை. டாக்டரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"கிணறு இருக்கா?"

"இல்லீங்க."

"போர் போட முடியுமா?"

"ஏதுங்க. வானம் பாத்த செம்மண்ணு. ஒரே ஏக்கரா."

நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். கம்பு, துவரை, எள். ஒவ்வொன்றின் விலையையும் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். எள்ளும் எண்ணெய்தான். எங்கள் கப்பல் அதையும் அமுக்கும். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோசித்துச் சொல்கிறேன் அம்மா. ஏழுமலைக்கு எழுதுகிறேன்."

"சீக்கிரம் எழுதுங்க அய்யா. ஆடி பொறக்கறதுக்குள்ள வெதைக்கு சொல்லி வெக்கணும்."

வேன்காரன் கூப்பிட்டான். முனியம்மா ஓடிப்போய்த் தன் மூட்டையைத் தானே தூக்கித் தராசில் வைத்தார்.

கோலாலம்பூர் வந்ததும் விவசாயம் படித்த நண்பர்களைக் கேட்டேன். செம்மண், மானாவாரி, ஓர் ஏக்கர் என்றதும் எல்லாரும் கிணறு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் போகவில்லை. பிறகு எழுதுவதை ஒத்திப்போட்டேன்.

ஆடி மாதம் ஏழுமலைக்குப் போன் செய்தேன். வழக்கு நடக்கிறது, மில் இன்னும் திறக்கவில்லை என்றான். அவனே இப்போது ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கப் போகிறானாம். உடம்பைப் பற்றிக் கேட்டான். நடக்கிறேன் என்றேன். முனியம்மாவைப் பற்றி நானாகக் கேட்க வேண்டியிருந்தது.

"வைகாசி முடியற வரைக்கும் வந்து வந்து கேட்டுகினே இருந்தாங்கண்ணா, மலேசியாலருந்து எழுதனாங்களான்னு. அப்புறம் மகன்கூட பெங்களூருக்குப் போய்ட்டாங்க. சித்தாள் வேலைக்கு."

"கொல்லையில் என்ன போட்டிருக்கிறது?"

"ஒண்ணும் போடலண்ணா."